‘இந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது!’ - புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப், அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் டெஸ்க்டாப், அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய பழைய லேப்டாப்... எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் விண்டோஸ் 11 போடலாம் என்று உட்கார்ந்தால், ‘திஸ் பிசி கான்ட் ரன் விண்டோஸ் 11’ என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடும்.

கடைக்கு எடுத்துப்போனால், “இது பழைய மாடல், இனிமே சரிப்படாது. புதுசு வாங்கிடுங்க” என்ற பதில் கிடைக்கலாம். சில கம்ப்யூட்டர்களுக்கு அது உண்மையான பதில். ஆனால், எல்லாவற்றுக்கும் அல்ல. அந்த ஒரே வரிக்குப் பின்னால் நான்கைந்து காரணங்கள் இருக்கின்றன. சிலவற்றை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். சிலவற்றுக்கு ஒரு சின்ன பாகம் மாற்றினால் போதும். ஒன்றே ஒன்றுக்குத்தான் மருந்து கிடையாது. உங்கள் கம்ப்யூட்டருக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொண்டால், பல ஆயிரம் ரூபாய் மிச்சமாக வாய்ப்பிருக்கிறது.

ஏன் இப்போது இந்த அவசரம்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் தானாக வராது. நெட் பேங்கிங், வருமான வரிக் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என எல்லாவற்றையும் அதே கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது 2021 அக்டோபர் 5-ல் வெளியானபோதே சில கறாரான நிபந்தனைகளோடு வந்தது. 64-பிட் பிராசஸர், குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ், யு.இ.எஃப்.ஐ. முறையும் செக்யூர் பூட் வசதியும் உள்ள மதர்போர்டு, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், டைரக்ட்எக்ஸ் 12-ஐ ஆதரிக்கும் கிராஃபிக்ஸ் ஆகியவை கட்டாயம். இதோடு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பட்டியலில் உங்கள் பிராசஸரும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இன்ஸ்டால் ஆகாது.

எதையும் தொடும் முன்... மூன்று வேலைகள்

முதலாவது, பேக்கப். குடும்ப போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள். காப்பி செய்ததோடு நிறுத்தாமல், வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நான்கு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ போனால் போனதுதான்.

இரண்டாவது, பிட்லாக்கர் சாவி. பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸ் செட்டிங்கை மாற்றியதும், “48 இலக்க ரெக்கவரி கீயைக் கொடு” என்று திரை நீலமாகி நிற்கும். பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பதிவாகியிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அதில் லாகின் செய்து, எண்ணை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, சார்ஜர். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பாதியில் கரன்ட் போகிற ஏரியா என்றால், டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மைக்ரோசாஃப்ட்டே ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச ஆப்பைத் தருகிறது. அதை டவுன்லோடு செய்து ‘செக் நவ்’ பட்டனை அழுத்தினால், எந்த நிபந்தனையில் உங்கள் கம்ப்யூட்டர் ஃபெயில் ஆகிறது என்று தனித்தனியாகக் காட்டும். அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போக வேண்டியிருந்தாலும் அது உதவும். இனி, ஒவ்வொரு காரணமாகப் பார்க்கலாம்.

1. டி.பி.எம். இல்லை என்கிறதா?

பாஸ்வேர்டு, கைரேகை, டிஸ்க் பூட்டின் சாவி போன்ற ரகசியங்களைத் தனியாகப் பாதுகாக்கும் பகுதிதான் டி.பி.எம். வீட்டில் நகைக்கென்று தனி லாக்கர் வைப்பதுபோல. ‘டி.பி.எம். இல்லை’ என்று வந்தவுடன் பலரும் கம்ப்யூட்டரையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால், 2016-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்த வசதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. குறிப்பாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில், பயாஸில் அது ஆஃப் ஆகி இருக்கும். அவ்வளவுதான்!

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 2.0 என்று காட்டினால் பிரச்னை இல்லை. ‘கம்பேட்டிபிள் டி.பி.எம். காணவில்லை’ என்று வந்தால், பயாஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெக்கவரி என்று போய் ‘அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்’ கொடுங்கள். அதன்பின் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ‘யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ என்று வரிசையாகப் போனால் பயாஸ் திறக்கும். இந்த ஆப்ஷன் தெரியாவிட்டால், கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்2, டெலீட், எஃப்10 ஆகியவற்றில் உங்கள் மாடலுக்கு உரிய கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பகுதியில் பாருங்கள். இன்டெல் பிராசஸர் என்றால் ‘பி.டி.டி.’ என்றும், ஏ.எம்.டி. என்றால் ‘எஃப்.டி.பி.எம்.’ என்றும் இருக்கும். அதை ‘எனேபிள்’ செய்து, சேவ் கொடுத்து வெளியே வாருங்கள்.

அருகிலேயே ‘கிளியர் டி.பி.எம்.’ என்று ஒரு ஆப்ஷன் தெரியலாம். அதைத் தொட வேண்டாம். லாக்கரில் இருக்கும் சாவிகளை அது மொத்தமாக அழித்துவிடும்.

2. செக்யூர் பூட் பிரச்னையா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, நம்பகமான மென்பொருள் மட்டுமே முதலில் ஓடுகிறதா என்று சோதிக்கும் வாயிற்காவலர்தான் செக்யூர் பூட். அது வேலை செய்ய, கம்ப்யூட்டர் ‘யு.இ.எஃப்.ஐ.’ என்ற புதிய முறையில் பூட் ஆக வேண்டும். பழைய ‘லெகசி’ முறையில் விண்டோஸ் போடப்பட்டிருந்தால், வசதி இருந்தும் இல்லை என்றே காட்டும்.

அதே விண்டோஸ் - ஆர் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ‘பயாஸ் மோட்’ என்ற இடத்தில் ‘லெகசி’ என்று இருந்தால் இதுதான் காரணம்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நேராக பயாஸுக்குப் போய் லெகசியை யு.இ.எஃப்.ஐ. என்று மாற்றினால், கம்ப்யூட்டர் பூட்டே ஆகாமல் போகலாம். காரணம், பழைய முறையில் டிஸ்க்கும் ‘எம்.பி.ஆர்.’ என்ற பழைய அமைப்பில் பிரிக்கப்பட்டிருக்கும். புதிய முறைக்கு ‘ஜி.பி.டி.’ அமைப்பு தேவை. டிஸ்க்கை முதலில் மாற்ற வேண்டும். பயாஸை அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும்.

இதற்கு விண்டோஸ் 10-லேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமல் அமைப்பை மட்டும் மாற்றித்தரும். முதலில் ‘வேலிடேட்’ என்ற சோதனைக் கட்டளை. அது பாஸ் ஆனால் மட்டும் ‘கன்வெர்ட்’. டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் மாற்ற மறுத்துவிடும். கட்டளைகள் டைப் செய்து பழக்கமில்லை என்றால், இந்த ஒரு வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுவது நல்லது. அப்போதும் பேக்கப் எடுத்த பிறகுதான்.

தவறாக மாற்றி கம்ப்யூட்டர் நின்றுவிட்டாலும் பதற வேண்டாம். பயாஸில் பழையபடி லெகசி என்று மாற்றினால் பெரும்பாலும் மறுபடி ஓடும்.

3. ராம், இடம் போதவில்லையா?

சுலபமாகத் தீரக்கூடிய காரணம் இது. 64 ஜி.பி. என்பது டிஸ்க்கின் மொத்த அளவுக்கான நிபந்தனை. அதில் போதுமான காலி இடமும் வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாலே பல கம்ப்யூட்டர்களில் வழி பிறக்கும்.

நிபந்தனைப்படி 4 ஜி.பி. ராம் போதும். ஆனால், அதில் விண்டோஸ் 11 தவழ்ந்துதான் போகும், 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், அதே கம்ப்யூட்டர்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேகம் கூடும். ஆனால், இந்தச் செலவைச் செய்யும் முன் அடுத்த காரணத்தைப் படித்துவிடுங்கள்.

4. பிராசஸர் பழையதா?

மருந்து இல்லாத காரணம் என்று சொன்னது இதைத்தான். பொதுவாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸர்களும் அதற்குப் பிந்தையவையும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையவையும்தான் பட்டியலில் உள்ளன. ரைசன் 2000 வரிசையிலேயே விடுபட்டவை உண்டு. எனவே, மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்டெல்லில் தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டு. ஐ5-10210 என்று ஐந்து இலக்கம் இருந்தால் பத்தாம் தலைமுறை. ‘ஐ7 இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஐ3, ஐ5, ஐ7 என்பது திறனின் படிநிலை மட்டுமே. வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்தான். நான்காம் தலைமுறை ஐ7 நிராகரிக்கப்படும். எட்டாம் தலைமுறை ஐ3 ஏற்கப்படும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

லேப்டாப்பில் பிராசஸர் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், தனியாக மாற்ற முடியாது. “மதர்போர்டையே மாற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், அந்தத் தொகையையும் ஒரு புதிய லேப்டாப்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாக மதர்போர்டோடுதான் இணைந்திருக்கும். போர்டு மாறினால் அதுவும் சிக்கலாகலாம்.

எல்லாம் சரி... ஆனாலும் பாதியில் நிற்கிறதா?

ஹெல்த் செக்கில் பாஸ். இன்ஸ்டால் செய்தால் பாதி தூரம் போய், ‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று திரும்பி வந்துவிடுகிறது. இப்போது வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

டிரைவர்: ஒவ்வொரு பாகத்தோடும் விண்டோஸ் பேசுவதற்கான மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். பழைய டிரைவர் ஒன்று புதிய விண்டோஸோடு ஒத்துப்போகாவிட்டால் மொத்த வேலையும் நின்றுவிடும். பிழைக் குறியீட்டில் 1900101 என்ற எண்கள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். பிரின்டர், வெப்கேம், டாங்கிள், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் வைத்து மறுபடி முயலுங்கள். தனியாக வாங்கிய ஆன்டி வைரஸ் இருந்தால் தற்காலிகமாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான புதிய டிரைவர்களையும் பயாஸ் அப்டேட்டையும் தேடுங்கள்.

டிஸ்க்கையே காணோம்: பென்டிரைவ் மூலம் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது, ‘எந்த டிரைவும் இல்லை’ என்று வருகிறதா? புது லேப்டாப்பில் இப்படி வந்தால் எஸ்.எஸ்.டி. போய்விட்டதென்று பயந்துவிடுவோம். இன்டெல் 11-ம் தலைமுறையில் தொடங்கி பல லேப்டாப்களில் ‘வி.எம்.டி.’ என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லாததே காரணமாக இருக்கலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை எடுத்து, அன்ஜிப் செய்து அதே பென்டிரைவில் வைத்து, ‘லோடு டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

வைஃபை தெரியவில்லை: விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் முதல்முறை செட்டப் முடிக்க இன்டர்நெட் தேவை. வைஃபை டிரைவர் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால், ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ ஆன் செய்யுங்கள். போனின் நெட்டே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

பழுதான பாகம்: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது, நீலத் திரை வருகிறது என்றால் ராமைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனை இருக்கிறது. காப்பி ஆகும்போது மட்டும் திணறினால் ஹார்டு டிஸ்க்கையோ பென்டிரைவையோ சந்தேகியுங்கள். பென்டிரைவ் குறைந்தது 8 ஜி.பி. இருக்க வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிராசஸர்தான் காரணம் என்றால் என்ன செய்வது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, விண்டோஸ் 10-லேயே கொஞ்ச காலம் தொடர்வது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் வேண்டும். 30 டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர்த் தொகை கட்டலாம். கம்ப்யூட்டர் செட்டிங்ஸை அந்த அக்கவுன்ட்டில் பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான லிங்க் வரும். புதியது வாங்கப் பணம் சேர்க்க இது அவகாசம் தரும்.

இரண்டாவது வழி, லினக்ஸ். இது நமக்கு முற்றிலும் அந்நியமான பெயர் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த பல லேப்டாப்களில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இருந்தது. திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. ஆனால், பத்திரமாக இருந்தால் ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச லினக்ஸை அவற்றில் முயன்று பார்க்கலாம். அதற்கு 2 ஜி.பி. ராம் போதும்; 4 ஜி.பி. இருந்தால் நல்லது.

லினக்ஸில் ஒரு பெரிய வசதி, இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசிங், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, தமிழ் டைப்பிங், கடிதம் எழுதுவது எல்லாம் நடக்கும். ஆனால், டேலி, போட்டோஷாப் போன்றவை விண்டோஸில் ஓடுவதுபோல நேரடியாக ஓடாது. கடைக் கணக்கு டேலியில் இருந்தால் இந்த வழி உங்களுக்கு அல்ல.

மூன்றாவது வழி, நிபந்தனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11 போடுவது. இதற்கான உத்திகள் யூடியூப் முழுக்கக் கிடைக்கின்றன. பல கம்ப்யூட்டர்களில் ஓடவும் செய்கிறது. ஆனால், இப்படிப் போட்டால் அப்டேட்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பு முதல், மிகப் பழைய கோர் 2 டியோ காலத்து பிராசஸர்களில் அது பூட்கூட ஆகாது. பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் முயன்று பார்க்கலாம். பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் வேண்டாம். யாரோ மாற்றியமைத்து இணையத்தில் விட்டிருக்கும் ‘லைட்’ விண்டோஸ் எந்தக் கம்ப்யூட்டருக்குமே வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

கடைக்குப் போகிறீர்களா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் அருகில் உள்ள சர்வீஸ் கடையோ... எங்கே போனாலும் ஹெல்த் செக் போட்டோவைக் காட்டி இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

* எந்த நிபந்தனையில் ஃபெயில் ஆகிறது? டி.பி.எம்., பூட் முறை, ராம், பிராசஸர் - இதில் எது?
* அது செட்டிங்கா, பாகமா? பாகம் என்றால் எவ்வளவு ஆகும்?
* ஃபார்மட் செய்வீர்களா? செய்தால், என் ஃபைல்கள் என்ன ஆகும்?
* நீங்கள் போடும் விண்டோஸ், என்னிடம் இருக்கும் லைசென்ஸிலேயே ஆக்டிவேட் ஆகுமா?

தெளிவாகப் பதில் சொல்பவரிடம் தாராளமாகக் கொடுங்கள். நல்ல மெக்கானிக்குகள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?” என்று பதில் வந்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.

இன்ஸ்டால் முடிந்த பிறகும் ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10-லிருந்து அப்கிரேடு செய்திருந்தால், பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்ப 10 நாள்கள் அவகாசம் உண்டு. அதற்குள் பிரின்டர், ஸ்கேனர், பிள்ளைகளின் படிப்பு மென்பொருள், கடையின் பில்லிங் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதுவரை பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம்!